திருக்குற்றாலத் தீர்த்தமும் மழைக்குறியும்

மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் மூன்றனையும் ஒருங்கே போற்றுவது சைவர் மரபு. பல தலங்களில் தீர்த்தம் எங்கே உளது என்று பிறரை வினவி அறிதல் வேண்டும். திருக்குற்றாலத்திலோ தீர்த்தமே நம்மை எதிர்கொண்டு அழைக்கின்றது. பெருக்குக் காலத்தில் தென்காசியை விட்டு மேற்கே செல்வார்க்குத் திரிகூடமலையின்மேல் வெண்கோடு கிழித்தாற்போல முதற்கண் தோன்றுவது அதுவே. குற்றாலநாதர் திருமுன்பும் குழல்வாய்மொழியம்மை திருமுன்பும் நிற்குங்கால் செவியில் ஓயாது ஒலிப்பதும் அதுவே. இத்தகைய நீரைப் பற்றி அண்மையில் எழுந்ததொரு வினாவை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

2024-ஆம் ஆண்டு மே மாதம் 17-ஆம் நாள், சாரற்காலம் தொடங்காத வைகாசி முதல் வாரத்திலே, மலைமேற் பெய்த மழையால் பழைய குற்றால அருவியிற் சடுதியில் வெள்ளம் பெருகிற்று. ஆடிக்கொண்டிருந்தோர் அலறி ஓடினர். திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த 17 வயதுச் சிறுவன் ஒருவனை வெள்ளம் கொண்டு சென்றது. பின்னர் அவன் உடலே கிடைத்தது. இச்செய்தி கேட்டோர் பேசிய பேச்சு இரு வகையாயிற்று. சிலர், “புனிதத் தீர்த்தம் என்கின்றீர்களே, அது பிள்ளையைக் கொல்லுமோ? ஆகவே புனிதம் என்பது வெறும் பேச்சே” என்றனர். வேறு சிலர், “அவன் வினை அவ்வளவே, நாம் என் செய்வது?” என்று கூறிப் பெருமூச்செறிந்து அப்பாற் சென்றனர். முதற்கூற்று நாத்திகர் கூற்றுப் போலவும் இரண்டாவது ஆத்திகர் கூற்றுப் போலவும் தோன்றும். உற்று நோக்கின் இரண்டும் ஒரே பிழையிற் பிறந்தனவே என்பதும், அப்பிழை சித்தாந்தத்திற்கு முற்றும் மாறானது என்பதும் நம் கருத்து.

முதலில் அந்நீரின் இயல்பை அறிதல் வேண்டும். ஆனித் திங்களில் மேல்கடற் காற்று மலையில் மோதி மலையாள நாட்டிற் பெருமழை பெய்விக்கின்றது. மலைத்தொடர் தாழ்ந்து கிடக்கும் செங்கோட்டைக் கணவாய் வழியே அக்காற்றில் ஒரு கூறு இப்பக்கம் நுழைகின்றது; அது கொண்டுவரும் நுண்துளியையே சாரல் என்கிறோம். தென்காசிக் கோயிற் கோபுர வாயிலில் நிற்பாரைப் பிடித்துத் தள்ளும் காற்றும் இக்கணவாயின் கொடையே. மலைமேற் பெய்த நீர் தேனருவியாகவும் செண்பகாதேவி அருவியாகவும் இழிந்து, ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்தினின்று பேரருவியாய் வீழ்கின்றது. இடையிலே பொங்குமாங்கடல் என்னும் ஆழ்ந்த பாறைக்குழி அதன் விசையைத் தாங்கிக்கொள்கின்றது. அக்குழி இல்லையேல் அடியில் நின்று நீராடுவார் ஒருவரும் இரார். அவ்வாறு வீழ்ந்த நீர் சிற்றாறு என்னும் பெயரோடு தென்காசி வழியே ஓடி, சீவலப்பேரிக்கு அருகில் முக்கூடலிலே பொருநையோடு கலக்கின்றது. மலைமேற் பெய்யும் மழை ஒன்று. அடியில் வந்து சேரும் வெள்ளம் மற்றொன்று. இரண்டிற்கும் இடையே சிறிது காலம் உண்டு. அருவியடியில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே மேலே பெய்துவிட்ட மழை, வந்துகொண்டிருத்தல் கூடும். இச்சிறு கால இடைவெளியிலேதான் மனித உயிர் தங்கியும் தவறியும் போகின்றது.

இதனை நம் முன்னோர் அறியாதவரல்லர். முக்கூடற் பள்ளு ஆற்று வெள்ளம் வருதற்குரிய குறிகளை ஓரிடத்தில் அடுக்கிச் சொல்கின்றது: மலையாளத் திசையிலும் ஈழத் திசையிலும் மின்னுதல், மரக்கொம்பைச் சுற்றிக் காற்றடித்தல், கேணித் தவளை கத்துதல், சேற்று நண்டு தன் வளையின் வாயை அடைத்தல், வானம்பாடி கூட்டமாய் ஆடுதல் என்பன அவை. குற்றால நீர் சென்று கலக்கும் இடத்து உழவர் அந்நீரின் வரவை நோக்கியிருந்த நோக்கம் இது. எறும்பு முட்டை கொண்டு மேட்டிற்கு ஏறுதலும், தட்டான் தாழப் பறத்தலும், திங்களைச் சூழ்ந்த வட்டமும் இன்றும் நாட்டுப்புறத்தார் வாயில் வழங்குகின்றன. மார்கழியில் ஞாயிறு பூராடத்தில் நிற்கும் நாட்களில் மேகம் கருக்கொள்ளும் என்று கருவோட்டம் பார்ப்பதும் பஞ்சாங்கத்தில் உண்டு. 6-ஆம் நூற்றாண்டினராகிய வராகமிகிரர் தம் பிருகத்சங்கிதையில், மேகம் கருவுற்றதிலிருந்து 195-ஆம் நாளில் மழையாக ஈனும் என்று கணக்கிட்டு வைத்தனர். இக்கணக்கு இக்காலத்து வானிலை நூலாரால் ஒப்புக்கொள்ளப்படுவதன்று. நண்டின் வளையும் ஆற்றுநீரின் நிறமும் அவ்வாறு தள்ளத்தக்கனவல்ல. குறிகளெல்லாம் ஒருநிகரன என்று மயங்குதல் கூடாது என்பதற்கு இதனை எடுத்துக்காட்டினோம்.

இனி, குறி கண்டு பொருள் துணிதல் அளவை நூலாரால் அனுமானம் எனப்படும். நம்மவர் கருதல் என்பர். அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியாரின் தொடக்கத்திலேயே காண்டல், கருதல், உரை என்னும் அளவைகளை நிறுவிய பின்னரே பதிப்பொருளைப் பேசப் புகுந்தார் என்பது நினைக்கத்தக்கது. மணிமேகலையில் அளவைவாதி கருதல் அளவையை விளக்கும்போது எடுத்த உதாரணங்கள் யாவை? கருக்கொண்ட முகிலைக் கண்டு மழை வரும் என்று கூறுதல் ஒன்று. ஆற்றில் வெள்ளத்தைக் கண்டு மேலே தலைமழை பெய்தது என்று துணிதல் மற்றொன்று. அப்படியே அது குற்றால அருவியின் கதை! உலகிலுள்ள எத்தனையோ பொருள்களுள் இதனையே அளவை நூலார் உதாரணமாகக் கொண்டது, அறிவு பிழைத்தால் உயிர் பிழையாத இடம் இது என்று கண்டமையால் போலும்.

கௌதம முனிவரின் நியாய சூத்திரத்தில் ஒரு மறுப்பும் வருகின்றது. எறும்பு முட்டை சுமப்பது அதன் புற்று இடிந்ததனாலும் ஆகலாம். ஆறு பெருகுவது கீழே அணையிட்டதனாலும் ஆகலாம். மயிற்குரல் என்று கேட்டது ஒருவன் மயில்போல் அகவியதாகவும் இருக்கலாம். ஆகவே கருதல் அளவை பிழைபடும் என்பது அம்மறுப்பு. விடை மிக அழகியது. அங்ஙனம் பிழைபட்டது கருதல் அன்று. போலிக்குறியை மெய்க்குறி என்று கொண்டவனே பிழைபட்டான். வெறுமனே நீர் பெருகுதல் குறியன்று; நுரையும் சருகும் காயும் மரத்துண்டும் சுமந்து, கலங்கி, விரைந்து வருதலே மேலே மழை பெய்ததற்குக் குறி என்று வாற்சியாயனர் உரை வகுத்தனர். தெளிந்த அருவி நீர் செந்நிறமாய் மாறித் தழையும் சுள்ளியும் தள்ளிக்கொண்டு வருங்கால், “வெள்ளம் வருகிறது, வெளியே வாருங்கள்” என்று கூவும் குற்றாலத்து முதியவர் அவ்வுரையைப் படித்தவரல்லர். எனினும் அவ்வுரையின் வழியே நிற்பவர்.

ஈண்டு அன்பர் ஒருவர் மறுத்தல் கூடும்: “குறி நோக்கி அஞ்சுதல் சைவர்க்கு ஆகுமோ? திருமறைக்காட்டினின்று மதுரைக்குப் புறப்பட்டபோது கோள்நிலை நன்றன்று என்று அப்பர் தடுக்க, ஆளுடைய பிள்ளையார் கோளறு திருப்பதிகம் அருளிப் புறப்பட்டனரே? திருக்கொள்ளம்பூதூரில் ஆறு கரைபுரண்டு ஓட, ஓடக்காரர் ஓடத்தைக் கட்டிவைத்துப் போய்விட, பதிகமே கோலாக அடியார்களோடு அக்கரை சேர்ந்தனரே? ஆளுடைய நம்பிக்குத் திருவையாற்றில் காவிரி வழிவிட்டதே?” என்பர். வலிய மறுப்பே, இதனை எளிதிற் கடந்து செல்லல் ஆகாது.

முதலாவது, கோளும் நாளும் ஒரு வகை. மலைமேல் மின்னலும் கலங்கல் நீரும் வேறு வகை. முன்னையதற்கும் வருந்துன்பத்திற்கும் இடையே உள்ள தொடர்பு கண்ணுக்கும் கருத்துக்கும் எட்டாதது. ஆதலின் அதனை இறைவன் திருவருளின்கீழ் அடக்கி அச்சம் நீங்குதல் அடியார்க்கு இயல்பு. பின்னையது அவ்வாறன்று. கலங்கல் நீரும் வெள்ளமும் ஒரே நீரின் முன்னும் பின்னும் ஆகும். புகையைக் கண்டும் தீயில்லை என்று நுழைபவனை நாம் அடியார் என்று கூறோம்.

இரண்டாவது, பிள்ளையாரும் நம்பியாரும் வெள்ளத்திற் புகுந்தது எதன்பொருட்டு? அக்கரையில் எழுந்தருளிய பெருமானைக் காணும் வேட்கை ஒன்றே அவர்களைச் செலுத்திற்று. வெள்ளம் என்ன செய்யும் பார்ப்போம் என்னும் எண்ணம் அவர்க்கு இருந்ததில்லை. அப்பர் பெருமான் கல்லோடு கடலில் மிதந்தார். ஆயின் அவர் தாமே சென்று கடலிற் குதித்தாரல்லர், பகைவர் எறிந்தனர். இறைவனைச் சோதித்துப் பார்க்க ஒருவரும் முற்பட்டிலர். இக்காலத்தார் நிலை யாது? பேரருவியில் நீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டி வீழும்போது காவலர் தடை செய்கின்றனர். தடையை மீறிப் புகுவோர் வாயிற் பதிகம் இருப்பதாக யாம் கேட்டிலேம்.

ஆகவே முதல் வினாவிற்கு மீள்வோம். புனித நீர் கொல்லுமோ? நீர் இறைவனுடைய அட்டமூர்த்தங்களுள் ஒன்று என்பது நம் நூல் துணிபு. அங்ஙனமாயின் நீர் தன் இயல்பை இழந்துவிட்டது என்பது அதற்குப் பொருளோ? உயிர் உடலில் நிறைந்து நிற்குங்கால் உடலின் இயல்பு மாறுவதில்லை; பசி பசியாகவும் நோய் நோயாகவுமே உள்ளன. அதுபோல, இறைவன் பொருள்களோடு ஒன்றாயும் வேறாயும் உடனாயும் நிற்கின்றான் என்னும் அத்துவிதத்தில், மாயையின் காரியமாகிய நீர் தாழ்ந்த இடம் நோக்கி ஓடுதலையும், மிக்கவழி அடித்துச் செல்லுதலையும் விடுவதில்லை. நீரின் தூய்மை அதன் இயல்பை மாற்றுவதன்று. அவ்வியல்பினூடே நின்று நம் உள்ளத்தை மாற்றுவது. எங்கும் ஈசன் உளன் என்று உணராதார்க்குக் கங்கையாடியும் காவிரியாடியும் குமரித்துறையாடியும் பயனில்லை என்று நாவரசர் திருக்குறுந்தொகையிற் கூறியதன் உட்கிடையும் இதுவே. அவர் தீர்த்தத்தை இகழ்ந்தாரல்லர். தீர்த்தம் தானே எல்லாம் செய்துவிடும் என்னும் சோம்பலை இகழ்ந்தார்.

இக்குற்றாலத்துக் கூத்தனை நோக்கி மணிவாசகர் வேண்டியது யாது? உற்றாரும் ஊரும் பேரும் கற்றாரும் வேண்டா. ஈன்ற பசுவின் மனம்போலக் கசிந்து உருகும் உள்ளமே வேண்டும் என்றார். மூலிகை கலந்த நீர் நோய் தீர்க்கும் என்று வருவோர் பலர், அது நன்றே. ஆயின் இத்தலத்தின்பால் வேண்டப்பட்டவற்றுள் மிக உயர்ந்த வேண்டுகோள் மருந்தும் வாழ்நாளும் பற்றியதன்று.

புனிதம் பொருளின் இயல்பை மாற்றாது என்பதைத் தென்காசி அரசன் ஒருவன் நம்மிலும் நன்கு அறிந்திருந்தான். பராக்கிரம பாண்டியன் 1446-இல் காசி விசுவநாதர் திருக்கோயிலை எடுக்கத் தொடங்கினான். ஊழிவரை நிற்கும் என்று அவன் செருக்கவில்லை. இக்கோயிலிற் பின்னாளில் வந்த குறையைத் திருத்திப் புரப்பவர் எவரோ, அவர் அடியில் வீழ்ந்து வணங்குவேன் என்னும் கருத்தமைந்த பாட்டைக் கல்லிற் பொறித்து வைத்தான். சிவன் கோயிலாயினும் கல் இடியும் என்பது அவனுக்குத் தெரியும். அவ்வாறே கோபுரம் இடிந்து நெடுங்காலம் மொட்டையாய் நின்றது. 1990-இல் ஒன்பது நிலையோடு மீண்டும் எழுந்தது. கோயிலின் தூய்மை அதனைக் காவாமல் விடுதற்குக் காரணமாகாது, காத்தற்கே காரணம். தீர்த்தத்திற்கும் இது பொருந்தும்.

இவ்வுணர்ச்சி நம் நாட்டார்க்கு மட்டும் உரியதன்று. மேற்றிசையில் அயர்லாந்து என்னும் மழைமிக்க தீவில், நாட்டுப்புறந்தோறும் புனிதக் கிணறுகள் உள்ளன. அக்கிணற்றை ஞாயிறு செல்லும் வழியே வலமாகச் சுற்றி வணங்குவர்; அருகிலுள்ள மரத்தில் துணிக்கிழி கட்டி நோய் நீங்க வேண்டுவர். தல மரத்தில் தொட்டில் கட்டும் நம்மவர்க்கு இது புதுமையாகத் தோன்றாது. 1937 முதல் 1939 வரை அந்நாட்டுப் பள்ளிச் சிறுவர் ஏறத்தாழ 50,000 பேர், தம் ஊர் முதியோரிடம் கேட்ட பழங்கதைகளையும் மழைக்குறிகளையும் ஏடுகளில் எழுதித் தொகுத்தனர். நம் பள்ளிகளிலும் அப்படி ஒரு தொகுப்புச் செய்திருப்பின் எத்துணைச் செல்வம் எஞ்சியிருக்கும்! அங்கே பல ஊர்களில் வழங்கும் கதை ஒன்று உண்டு. யாரோ ஒருவர் புனிதக் கிணற்றில் அழுக்குத் துணி துவைத்தார். அக்கிணறு சினந்து ஓரிரவில் வற்றி, வேறோரிடத்திற் சென்று ஊறிற்று என்பது அது.

கிணறு நடந்து செல்லுமோ என்று நகைக்க வேண்டா. நம் அருவி நடந்து செல்லவில்லை. அதனாற்றான் நாம் அஞ்சவுமில்லை. எண்ணெயும் சவர்க்காரமும் ஷாம்புவும் பூசிக்கொண்டு பேரருவியிற் கழுவி, அவற்றின் உறைகளை அங்கேயே எறிந்து வந்த வழக்கத்தை நிறுத்த, 2014-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடையாணை பிறப்பிக்க வேண்டியதாயிற்று. சைவ நன்மக்கள் சொல்லியிருக்க வேண்டிய சொல்லை நீதிமன்றம் சொல்லிற்று. அகத்தியர் திருக்கை பட்ட குற்றாலநாதர் திருமுடிக்கு நாளும் மூலிகைத் தைலம் சாத்துவது வழிபாடு. அதே நாளில் அவன் மேனியாகிய நீரில் கழிவெண்ணெய் கரைப்பது யாது? நீரை வெறும் நீரென்று கொண்டவன் அதனை அழுக்காக்குகின்றான். நீரை நீரல்லாத மந்திரப்பொருள் என்று கொண்டவன் அதன் வெள்ளத்தில் அழிகின்றான். இவ்விருவரும் இறைவனையும் நீரையும் வேறு வேறாகப் பிரித்துவிட்டவரே. மேலே ஒரே பிழை என்றது இதனையே.

இனி இரண்டாவது கூற்று. “அவன் வினை” என்பது. வினைக்கொள்கை நம் சமயத்தின் உயிர்நாடி. அதனை மறுப்பார் சைவராகார். ஆயின் வினைப்பயன் வெறும் வெளியினின்று வருவதன்று. உயிர்களின் வழியாகவும் ஐம்பூதங்களின் வழியாகவும் தெய்வத்தின் வழியாகவும் வரும் என்று பகுத்து, ஆதியான்மிகம், ஆதிபௌதிகம், ஆதிதைவிகம் என்றனர் நூலோர். பூதத்தின் வழி வருவது பூதத்தின் முறைமைக்கு உட்பட்டே வரும். அம்முறைமையைக் குறியால் அறிந்து விலகும் அறிவையும் உயிர்க்குத் தந்தவன் அவ்விறைவனே. மேலும், ஒருவன் பழவினையை நுகரும் இடத்தில் அருகில் நிற்கும் மற்றவர் புதுவினை ஈட்டுகின்றனர். நீர் நிறம் மாறியதைக் கண்டும் கூவாதிருந்தவன், எச்சரிக்கை அறிந்தும் அருவிக்கரையில் வாணிகம் கெடும் என்று மறைத்தவன், தடை நாளில் பின்வழி காட்டிக் காசு பெற்றவன் ஆகிய இவர்கள் யாவராயினும், அவர்களது ஆகாமியம் எந்தக் கணக்கிற் சேரும்? இறந்த சிறுவனின் வினையைக் கணக்கிட நமக்குக் கண்ணில்லை. நம் வினையைக் கணக்கிட வேண்டிய கண் நமக்கு உண்டு. வினைக்கொள்கை ஒருவன் தன்னைத் தானே நிறுத்துப் பார்த்தற்கு அளித்த துலாக்கோல். மகனை இழந்த தாயின் முன் அதனைத் தூக்கிப் பிடிப்பது கொடுமை. அத்தாய்முன் வாய்மூடி அமர்ந்திருத்தல் அதனிலும் பெரிய சிவபுண்ணியம்.

ஓர் ஐயம் எஞ்சுகின்றது. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் நெடுந்தொலைவினின்று வந்து, அருவியில் தடையென்று கேட்டு, பிதிர்க்கடன் குறைவுபட்டதே என்று கலங்கும் அன்பர் பலர். அவர்க்கு நம் ஆகம வழக்கு இடம் தந்தேயுள்ளது. நீரில் மூழ்குதலாகிய வாருணம் ஒன்றே நீராட்டு அன்று. திருநீற்றினால் ஆவது ஆக்கினேயம். பசுக்கூட்டத்தின் குளம்படித் தூளி படிவது வாயவ்வியம். மந்திரத்தால் நீர் தெளித்துக்கொள்வது மாந்திரம். வெயிலோடு கூடிப் பெய்யும் மழையில் நனைதலை மாகேந்திரம் என்பர். தடை நாளில் ஆற்றின் கீழ்க்கரையில், காவலர் விடும் இடத்தில், ஒரு செம்பு நீர் முகந்து தலையில் தெளித்துக்கொள்ளலாம். குற்றாலத்துச் சந்நிதித் தெருவில், மேலைவெயில் ஒருபுறம் எறிக்க மலைச்சாரல் மறுபுறம் வீச, இரண்டும் தம்மேற் படும்படி சிறிது நேரம் நின்றாலும் போதும். உடல் நனைந்த அளவிலே குறும்பலாவை வலம்வந்து உள்ளே செல்லலாம்; அருவியின் ஒலி அங்கும் கேட்கும்.